பார்ப்பதும் பார்த்துக்கொள்வதும்

பக்கத்து ஊர்ப் பொறியியல் கல்லூரி ஒன்றில், முதியோர் நலத்துக்கான கருவிகளை மாணவர்கள் வடிவமைத்துக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். வள்ளுவரிடமிருந்து பொருத்தமாக ஏதேனும் எடுத்துப் பேசித் தொடங்கிவைக்கத் தமிழாசிரியர் தேவைப்பட்டதால், எங்கள் துறையிலிருந்து இருவர் அழைக்கப்பட்டிருந்தோம். பேசி முடித்து, பொன்னாடையும் வாங்கிக்கொண்டு, மேசைமேசையாகச் சுற்றிவந்தோம். மொத்தம் பதினொரு கருவிகள். கீழே விழுந்தால் கண்டுபிடிக்கும் கைப்பட்டை, படுக்கையின் ஈரத்தை உணரும் விரிப்பு, மாத்திரை வேளை தவறினால் கூவும் பெட்டி, அறையின் மூலையிலிருந்து நோயாளியின் அசைவுகளைக் கணக்கிடும் காமிரா. பதினொன்றில் ஒன்பது, முடிவில் ஒரே வேலையைத்தான் செய்தன. யாருடைய கைப்பேசிக்கோ ஒரு செய்தி அனுப்பின.

"யாருடைய கைப்பேசிக்குத் தம்பி?" என்று ஈர விரிப்புக்காரனிடம் கேட்டோம்.

"மகனுக்கு ஐயா. அவர் எந்த நாட்டில் இருந்தாலும் உடனே போய்விடும்."

"அம்மாவின் படுக்கை நனைந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு?"

"அவர் வீட்டுக்குப் போன் செய்து சொல்லிவிடுவார் ஐயா."

அந்த மாணவனைப் பகடி செய்வது எங்கள் நோக்கமன்று. கெட்டிக்காரன், பல வாரங்கள் உழைத்திருக்கிறான், அவனுடைய விரிப்பு சொன்னபடி வேலை செய்தது. ஆனால் அவன் சொன்ன விடையில் ஓர் ஆள் காணாமற்போயிருந்தார். நடுநிசியில் மகனின் போனை எடுப்பவர் யார்? நனைந்த துணியை உருவி, உடலைத் துடைத்து, வேறு துணி விரித்து, உருவியதை அலசிப் போடுபவர் யார்? அதே அறையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் அவருக்கு ஈரத்தை அறிய ஒரு கருவி எதற்கு? மூக்கு போதுமே. அவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை, கடல் கடந்திருக்கும் இன்னொருவருக்குத் தெரிவித்து, அந்த இன்னொருவர் வாயால் இவருக்கே கட்டளையாகத் திருப்பியனுப்பும் ஏற்பாடு அது. மேசைமேலிருந்த அட்டையில் 'குடும்பப் பராமரிப்பாளருக்கு உதவும் தொழில்நுட்பம்' என்று எழுதியிருந்தது.

எங்கள் வாதத்தை இப்போதே சொல்லிவிடுகிறோம். பராமரிப்பாளருக்கு உதவுவதாகச் சொல்லிக்கொண்டு நம் வீடுகளுக்குள் வரும் கருவிகளுள் பல அவருக்கு உதவுவதில்லை, அவரை மேற்பார்வையிடுகின்றன. அவருடைய முதுகையும் தூக்கத்தையும் அளவுகோலாகக் கொள்ளாத எந்தக் கருவிக்கும் அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ள உரிமையில்லை.

*

அன்று மேடையில் நாங்கள் பேசியது 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளைப் பற்றி. 950ஆவது குறள். மருத்துவம் என்பதை அது நான்கு கூறாக வகுக்கிறது: நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, நான்காவதாக நோயாளியின் அருகிருந்து பணிசெய்பவர். இந்த நான்காமவருக்கு வள்ளுவர் வைத்த பெயர் உழைச்செல்வான். 'உழை' என்பது பக்கம், அண்மை. மருத்துவருக்கும் மருந்துக்கும் சமமாக, பக்கத்திலிருப்பவரையும் மருத்துவத்தின் உறுப்பாகவே கண்ட நூல் நம்முடையது என்று சொல்லிக் கைதட்டும் வாங்கினோம்.

மேடையில் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்ல வேண்டும். இந்த நான்கு கூறுகளில் ஒவ்வொன்றுக்கும் பரிமேலழகர் நான்கு நான்கு தகுதிகள் உரைக்கிறார். பக்கத்திலிருப்பவரிடம் அவர் எதிர்பார்ப்பவை, நோயாளியிடம் அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொன்னதைச் சொன்னவாறே செய்யும் வன்மை, அறிவு. அனைத்தும் அவர் தர வேண்டியவை. அவருக்குத் தரப்பட வேண்டியது என்று அந்தப் பட்டியலில் ஒன்றுமில்லை. உரையாசிரியரைக் குறைசொல்லி என்ன பயன்? அவருக்குப் பின்வந்த இத்தனை நூற்றாண்டுகளில் நாம் மட்டும் எதைச் சேர்த்துவிட்டோம்? அன்பு வேண்டும், பொறுமை வேண்டும், முகம் சுளிக்கலாகாது என்று வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆனால் மருந்துக்கு அவர் சொல்லும் தகுதிகளுள் ஒன்று இன்றைக்கும் பயன்படும்: அது எளிதில் கிடைப்பதாக இருக்க வேண்டும். கருவிக்கும் அதையே கேட்கலாம்.

தமிழில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நோயாளியைப் 'பராமரிக்கிறோம்' என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை, 'பார்த்துக்கொள்கிறோம்' என்கிறோம். 'பார்' என்பது கண்ணின் வேலை. அதனோடு 'கொள்' என்னும் துணைவினை வந்து சேர்ந்ததும், பார்ப்பது பொறுப்பேற்பதாக மாறிவிடுகிறது. பார்த்ததன் சுமையைத் தன்மேல் எடுத்துக்கொள்வதாக ஆகிவிடுகிறது. அன்று நாங்கள் கண்ட ஒன்பது கருவிகளும் 'பார்'த்தன. 'கொள்' என்பதை முன்போலவே பாயில் படுத்திருப்பவரிடம் விட்டுவிட்டன.

*

இதை நாங்கள் நூலிலிருந்து கற்கவில்லை. 2018இல் எங்கள் அம்மா பக்கவாதத்தில் விழுந்தார். வலப்பக்கம் முழுதும் செயலிழந்தது. 2021இல் மறையும்வரை கூடத்துக் கட்டில்தான் அவருடைய உலகம். எடை ஐம்பத்தெட்டு கிலோ. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப்புண் வரும் என்று சொல்லி மருத்துவமனையிலிருந்து அனுப்பினார்கள். நாளொன்றுக்குப் பன்னிரண்டு முறை. மூன்றாண்டுக்குக் கணக்கிட்டால் பதின்மூன்றாயிரத்தைத் தாண்டுகிறது. இந்தக் கணக்கை அம்மா போனபிறகு ஒருநாள்தான் போட்டுப் பார்த்தோம். அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் ஆண்டில் வெளிநாட்டிலிருக்கும் தம்பி ஒரு காமிரா அனுப்பினான். இருட்டிலும் தெரியும், அசைவைக் கண்டால் செய்தி அனுப்பும், இருவழியும் பேசலாம். அலமாரியின் மேல் வைத்தோம். அதன் நெற்றியில் சிவப்பாய் ஒரு பொட்டு. தம்பி கொடியவன் அல்லன். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் அவனுக்கு உறக்கம் வராது. அவன் மட்டுமா? கல்லூரியில் ஆசிரியர் அறையில், இரு வகுப்புகளுக்கு இடையில், நாங்களும் கைப்பேசியில் அந்தக் கூடத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மனம் அமைதியடைந்தது. அடுத்த வகுப்புக்குப் போனோம்.

ஓர் இரவு மூன்று மணிக்குப் போன் வந்தது. அவன் ஊரில் அப்போது பகல். "அண்ணி, ரெண்டு மணிக்கு அம்மாவைத் திருப்பிப் போட்டிருக்கணுமே? இன்னும் அதே பக்கமாத்தானே படுத்திருக்காங்க?" அவன் குரலில் கோபமில்லை, கவலைதான். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய்த் திருப்பிப் படுக்கவைத்தாள். மறுநாள் காலையில் காமிராவின்மேல் ஒரு துண்டு தொங்கியது.

துண்டைக் கண்டபிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. பல வாரங்களாக அவள் கூடத்தில் உட்கார்ந்து உண்பதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு, காமிராவின் கண் எட்டாத அலமாரிச் சந்துக்குப் போயிருக்கிறாள். பகலில் அம்மா உறங்கும்போது பக்கத்தில் சாய்ந்துகொள்ளும் வழக்கத்தையும் விட்டிருக்கிறாள். கடல் கடந்து யாராவது பார்த்து, 'அண்ணி தூங்குகிறார்' என்று எண்ணிவிடுவார்களோ என்று. காவலர் தென்படாவிட்டாலும் கைதி தன்னைத்தானே காவல் காத்துக்கொள்வான் என்று பூக்கோ 1975இல் எழுதியதை முதுகலை வகுப்பில் கோட்பாடாக நடத்துகிறவர்கள் நாங்கள். எங்கள் கூடத்தில் அதை நிறுவியவர்களும் நாங்களே.

'அம்மாவை மூன்று வருஷம் நாங்கள் பார்த்துக்கொண்டோம்' என்று உறவினரிடம் இன்றும் சொல்கிறோம். அந்த 'நாங்கள்' யார்? பணம் அனுப்பியவனும், கைப்பேசியில் பார்த்தவர்களும், பதின்மூன்றாயிரம் முறை திருப்பியவளும் ஒரே பன்மைக்குள் அடக்கம். தமிழ் இலக்கணம் அதற்கு இடங்கொடுக்கிறது. அறம் இடங்கொடுக்குமா?

*

அவளுக்கு உண்மையில் உதவிய கருவிகள் எவை? மூன்றைச் சொல்லலாம்.

முதலாவது, ஒரு பழைய வேட்டி. அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் காட்டிக்கொடுத்தது. வேட்டியை நான்காக மடித்து, தோள் முதல் தொடை வரை உடலுக்கு அடியில் விரித்துவிட வேண்டும். பிறகு உடலைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை. துணியைப் பிடித்து இழுத்தால் போதும். நோயாளியின் தோலும் உராயாது. இழுப்பவரின் இடுப்பும் ஒடியாது.

இரண்டாவது, கட்டிலின் கால்கள். எங்கள் கட்டில் தாழ்வானது. ஒவ்வொரு முறையும் அவள் முழுதாகக் குனிய வேண்டியிருந்தது. தெருமுனை வெல்டிங் பட்டறையில் சொல்லி, எட்டு அங்குல இரும்புக் கால்களை வைத்து உயர்த்தினோம். செலவு காமிராவின் விலையில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அந்த வாரத்திலிருந்து அவள் இடுப்பில் தைலம் தேய்ப்பது குறைந்தது. இந்த யோசனை எங்களுக்கு இரண்டரை ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது.

மூன்றாவது, கழிப்பிருக்கை. சக்கர நாற்காலி வாங்கி வைத்திருந்தோம். குளியலறை வாசலில் அது நுழையவே இல்லை. நிலைப்படி வேறு தடுத்தது. வீடு கட்டியபோது கொத்தனாரிடம் பூசையறையின் திசையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியவர்கள், குளியலறைக் கதவின் அகலத்தைப் பற்றி ஒரு நிமிடமும் பேசவில்லை.

இம்மூன்றில் எதற்கும் மின்சாரம் வேண்டாம். காற்றடைத்த படுக்கையும் வாங்கினோம், நல்ல பொருள்தான். ஆனால் மின்சாரம் நின்றால் அதன் பம்பும் நின்றது. எங்கள் படுக்கை மெல்லத் தளர்ந்து தட்டையாயிற்று. படுத்திருப்பவர் இரும்புச் சட்டத்தை உணரத் தொடங்குமுன் பக்கத்திலிருப்பவர் விழித்துக்கொள்ள வேண்டும். தூங்குவதற்கென வாங்கிய கருவிக்காக ஒருவர் தூங்காமலிருந்தார்.

*

'ஒரு வீட்டின் கதையை வைத்துக்கொண்டு பொதுவிதி பேசலாமா' என்று கேட்கலாம். சரி, வீட்டைவிட்டு வெளியே வருவோம்.

அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் வாட்டர்ஸ் 2007இல் ஒரு வரம்பைக் கணக்கிட்டு வெளியிட்டார். மருத்துவமனைப் பணியாளர் கருவியின் துணையின்றி நோயாளியைக் கையால் தூக்கும்போது, தாங்கும் எடை 35 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 16 கிலோவுக்கு, மேற்படக் கூடாது. அதுவும் நோயாளி ஒத்துழைத்து, தூக்குபவரும் வசதியான நிலையில் நிற்கும்போது. பயிற்சியும் சம்பளமும் உள்ள பணியாளருக்கே இதுதான் வரம்பு. ஐம்பத்தெட்டு கிலோ மாமியாரைக் கழிப்பிருக்கைக்கு மாற்றும் மருமகளுக்கு எந்த வரம்பை யார் வகுத்தார்கள்? மூட்டை தூக்குபவரின் சுமையைப் பற்றிப் பேசச் சட்டம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது. வீட்டுக்குள் தூக்கப்படும் எடை எந்தத் தராசிலும் ஏறுவதில்லை.

இந்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டிலுள்ளோரைப் பராமரிக்கும் ஊதியமற்ற வேலையையும் அளந்தது. குழந்தை வளர்ப்பும் இதில் அடக்கம். கணக்கெடுத்த நாளில் அவ்வேலையில் ஈடுபட்டோர் பெண்களில் நூற்றுக்கு 27.6 பேர், ஆண்களில் 14 பேர். ஈடுபட்டவர்கள் செலவிட்ட நேரம் நாளொன்றுக்குச் சராசரியாகப் பெண்கள் 134 நிமிடம், ஆண்கள் 76 நிமிடம். நேரத்தை அளக்கும் அளவுக்கேனும் வந்துவிட்டோம். எடையை இன்னும் அளக்கவில்லை.

அரசுத் திட்டங்கள் என்ன தருகின்றன? வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்காக 2017இல் மத்திய அரசு தொடங்கிய வயோஸ்ரீ திட்டத்தின் தொடக்கப் பட்டியலில் கைத்தடி, ஊன்றுகோல், நடைச்சட்டம், காதொலிக் கருவி, சக்கர நாற்காலி, பல்செட்டு, மூக்குக்கண்ணாடி ஆகியவை இருந்தன. கழிப்பிருக்கை பின்னர்தான் வந்து சேர்ந்தது. எல்லாம் தேவையானவையே. ஆனால் அந்தப் பட்டியலைப் படிப்பவருக்கு, முதியவர் ஒருவர் தனியாக ஒரு தீவில் வாழ்கிறார் என்றே தோன்றும். உலக சுகாதார நிறுவனம் 2016இல் முன்னுரிமை தரவேண்டிய உதவிக் கருவிகள் என ஐம்பதைப் பட்டியலிட்டது. விழுந்தால் அறிவிக்கும் கருவி உண்டு. இருப்பிடம் காட்டும் கருவி உண்டு. புண் தடுக்கும் படுக்கையும் உண்டு. படுத்தவரைத் தூக்கி மாற்றும் பாரந்தூக்கி அதில் இல்லை. ஐம்பது பொருள் எழுதியும் அந்த இடுப்பு நினைவுக்கு வரவில்லை.

ஜப்பானைக் காட்டுவார்கள். காட்டட்டும், முழுதாகக் காட்டட்டும். கரடிமுகத்தோடு நோயாளியை இரு கைகளில் ஏந்தும் 'ரோபேர்' என்னும் எந்திரனை ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2015இல் காட்டியபோது உலகமே படம் எடுத்துப் போட்டது. அதன் எடை 140 கிலோ. எந்த வீட்டுக் கூடத்துக்கும் அது வந்துசேரவில்லை. ஜப்பானிய முதியோர் இல்லம் ஒன்றில் தங்கி ஆராய்ந்த ஜேம்ஸ் ரைட், எந்திரன்கள் ஜப்பானைக் காப்பாற்றப் போவதில்லை என்று நூலின் தலைப்பிலேயே 2023இல் சொல்லிவிட்டார். எந்திரனைத் தள்ளிவருவது, துடைப்பது, சார்ஜ் போடுவது, அதை நோயாளி உடைத்துவிடாமல் பார்ப்பது என்று பணியாளருக்கு வேலை கூடியதே தவிரக் குறையவில்லை என்பது அவர் கண்டது. படம் எடுத்துப் போடாத இன்னொரு ஜப்பான் உண்டு. 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நெடுங்காலப் பராமரிப்புக் காப்பீட்டின்கீழ், உயரம் மாற்றும் கட்டில், புண் தடுக்கும் படுக்கை, பாரந்தூக்கி முதலானவற்றை வீட்டுக்கு வாடகைக்கு எடுக்கலாம். வாடகையில் பெரும்பாலானோர் செலுத்துவது பத்தில் ஒரு பங்கு. பரிமேலழகர் மருந்துக்குச் சொன்ன தகுதி அதுதான்: எளிதில் கிடைப்பது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதை. நாம் எடுத்துக்கொண்டதோ கரடியின் படத்தை.

*

தொழில்நுட்பக்காரர்களை மட்டும் சாடிவிட்டு நிறுத்தினால் நாங்கள் நேர்மையற்றவர்கள். இலக்கியவாதிகளாகிய நம் பக்கமும் ஒரு பொய் இருக்கிறது. தாயின் உடலை இயந்திரம் தொடலாமா, மனிதக் கையின் வெதுவெதுப்பை மோட்டார் தருமா, மேலைநாட்டு முதியோர் இல்லத்தின் நிழல் நம் கூடத்தில் விழுகிறதே என்று சிற்றிதழ்க்காரர்கள் கூடும் இடங்களில் ஒரு புலம்பல் அடிக்கடி கேட்கிறது. கேட்க நெஞ்சு உருகும். புலம்புகிறவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் தூக்காதவர். தூக்குகிறவள் ஒருத்தியும், 'இந்தச் சுமை என் கையின் புனிதம், இதை எந்திரத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள்' என்று சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

இதே புலம்பலை நம் சமையலறை முன்பே கேட்டிருக்கிறது. ஆட்டுக்கல்லில் அரைத்த மாவின் ருசி வருமா என்றார்கள். 1950களில் கோவையில் மாவரைக்கும் இயந்திரம் பிறந்தபோது அதைச் செய்தவர்கள் கல்லைத் தூக்கி எறியவில்லை. ஆட்டுக்கல்லில் கல் நிற்கக் குழவி சுழலும். அவர்கள் கல்லைச் சுழலவிட்டுக் குழவியைப் பிடித்து நிறுத்தினார்கள். குழவியைப் பிடித்துச் சுற்றிய கை விடுபட்டது. பிறகு அது சாய்த்து மாவை வழிக்கும் வகையாயிற்று. மேடைமேல் வைக்கும் அளவுக்குச் சிறுத்தது. அந்தக் கையின் வலியை அறிந்தவர்கள் செய்த கருவி அது. இட்லியில் அன்பு குறைந்துவிட்டதாக இன்று யாரும் எழுதுவதில்லை. 2011இல் தமிழக அரசே மிக்சி, கிரைண்டர், மின்விசிறியை வீடுவீடாகக் கொடுத்தது. இலவசம் என்று எள்ளினார்கள் படித்தவர்கள். பெண்ணின் தோளிலிருந்து ஒரு சுமையை இறக்குவது அரசின் வேலையாகலாம் என்று அந்த அளவுக்கேனும் ஒப்புக்கொள்ளப்பட்டது. உளுந்துக்குச் செய்ததை உடலுக்குச் செய்ய என்ன தடை?

காமிராவையும் உணரியையும் முற்றாக விலக்கச் சொல்லவில்லை. மறதிநோயால் வீட்டைவிட்டு வெளியேறி வழிதவறும் தந்தையைக் கண்டுபிடிக்க இருப்பிடம் காட்டும் கருவி பேருதவி. தனியாக வாழும் முதியவர் குளியலறையில் விழுந்தால் உடனே தெரிவது உயிர்காக்கும். நோயாளியின் சார்பையே குறைக்கும் கருவிகளும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் மறுவாழ்வுக் கருவி மையம் 2019இல் அறிமுகப்படுத்திய 'அரைஸ்' நாற்காலியில், கால் செயலிழந்தவர் பிறர் தூக்காமல் தாமே இயக்கி எழுந்து நிற்க முடிகிறது. இவற்றை ஏற்பதில் தயக்கமில்லை. பக்கத்தில் ஆளே இல்லாதபோது பார்க்கும் கருவி துணை. ஆள் இருக்கும்போது, அவர் கேளாமல் வைக்கப்படும் அதே கருவி காவல்.

*

ஆகவே சிலவற்றை நேராகக் கேட்கிறோம்.

பராமரிப்பாளருக்கென்று கருவி செய்பவர்கள், முதல் வரைபடத்துக்கு முன்பே, இரவில் எழுந்து திருப்பிப் படுக்கவைக்கும் ஒருவரையேனும் தம் மேசைக்கு அழைத்து உட்காரவைக்க வேண்டும். அவர் நேரத்துக்குக் கூலி தர வேண்டும். ஆலோசகருக்குத் தருகிறீர்கள் அல்லவா? அவரைவிட இத்துறையை அறிந்த ஆலோசகர் இல்லை. அவர் தூக்கம் எத்தனை நிமிடம் கூடியது, எத்தனை முறை குனிவது குறைந்தது என்பவையே சோதனையின் அளவுகளாகட்டும்.

செய்தி அனுப்பும் கருவியானால், செய்தி முதலில் அருகிலிருப்பவருக்கு வரட்டும், தமிழில் வரட்டும். தொலைவிலிருப்பவருக்கு எதை அனுப்பலாம், எப்போது கண்ணை மூடலாம் என்று முடிவுசெய்யும் விசை அவர் கையில் இருக்கட்டும். எங்கள் வீட்டில் அந்த விசையின் பெயர் துண்டு.

2021 ஆகஸ்டில், எங்கள் அம்மா மறைந்த சில மாதங்களில், 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. இயன்முறை மருத்துவரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் வீடு தேடி வருகிறார்கள், நல்ல திட்டம். அவர்கள் வரும் வண்டியில் உயரம் மாற்றும் கட்டிலும், இழுவிரிப்பும், மடக்குப் பாரந்தூக்கியும் இரவலாக வரட்டும். நூலகத்திலிருந்து புத்தகம் எடுப்பதுபோல ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து எடுத்து, தேவை முடிந்ததும் திருப்பிக்கொடுக்கட்டும். எங்கள் ஊரில் எத்தனை வீட்டுப் பரண்களில், இறந்தவரின் சக்கர நாற்காலி துணி மூடிக் கிடக்கிறது! அடுத்த தெருவில் ஒருவர் கடன் வாங்கிப் புதிது வாங்குகிறார்.

பராமரிப்பவருக்குப் பணமும் வேண்டும். கேரளத்தில் படுத்த படுக்கையானவரைப் பார்த்துக்கொள்பவருக்கென்று ஆஸ்வாசகிரணம் என்னும் திட்டத்தை வகுத்து, மாதம் 600 ரூபாய் என்று அறிவித்தார்கள். தொகை சொற்பம். ஆனால் நோயாளிக்கன்றி, நான்காமவர் பெயருக்கு ஓர் அரசு எழுதிய தொகை அது. கருவி இதற்கு மாற்றாகாது. மாற்றுக் கையும் வேண்டும். வாரத்தில் ஓர் இரவேனும் வேறொருவர் அந்தப் பாயில் படுக்க வேண்டும். அந்த வேறொருவர், காமிரா வாங்கி அனுப்பக்கூடிய மகனாகவோ, ஆசிரியர் அறையில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்க்கும் மகனாகவோ இருப்பதில் தவறொன்றுமில்லை.

*

ஈர விரிப்பு செய்த மாணவனை ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு அழைத்தோம். அம்மாவின் கட்டில் இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது. "படு தம்பி" என்றாள் வீட்டுக்காரி. கூச்சத்தோடு படுத்தான். "ஒரு பக்கம் உணர்வே இல்லை என்று வைத்துக்கொள். நீயாக உதவக் கூடாது" என்று சொல்லிவிட்டு, வேட்டியை அடியில் செருகி அவனைப் பக்கவாட்டில் திருப்பினாள். பிறகு வேட்டியில்லாமல் ஒருமுறை. இரண்டாவது முறை அவள் முகத்தை அவன் பார்த்தான்.

எழுந்து, பையிலிருந்து அளவுநாடாவை எடுத்தான். கட்டிலின் உயரம், பட்டறைக் கால்கள் இல்லாமல் எவ்வளவு, இருந்தால் எவ்வளவு, குளியலறை வாசலின் அகலம், நிலைப்படியின் உயரம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். கடைசியாக அவளிடம் கேட்டான். "அக்கா, ராத்திரி உங்களுக்கு என்ன இருந்தால் நல்லா இருந்திருக்கும்?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை அதற்கு முன் அந்த வீட்டில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவள் யோசிக்கத் தொடங்கினாள். அவன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.